பிந்திப்போன சம்மதக் கடிதம்

உங்களை இந்தியப் பயணத்துக்குப் போகவிடாமல் மனைவி நான்தான் மறித்தேன் என்று உங்கள் தங்கை இன்றும் சொல்லித் திரிகிறாள். பொய். "வருகிறார்" என்றுதான் எழுதினேன்.

இன்று காலை அலுமாரியைத் திறந்தேன். உங்கள் கிரிக்கெட் மட்டைக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெயின் மணம் முகத்தில் அடித்தது. நீங்கள் கண்மூடி ஒரு மாரி கடந்துவிட்டது. அந்த மட்டையை யாரும் தொடுவதில்லை. மணம் மட்டும் நேற்றுப் பூசியதுபோல இருக்கிறது.

கொழும்பில் வெள்ளைக்கார அணிக்கு எதிராக, இலங்கை அணிக்காகக் காலையில் பந்து வீசினீர்கள். மறுநாள் மட்டையோடு நின்று ஆட்டத்தைக் காப்பாற்றினீர்கள். நம்முடைய நெடுந்தீவு இறங்குதுறையில் வந்து இறங்கியபோது வலைக்காரர்கள் சும்மா விட்டார்களா?

"என்ன அண்ணை, வெள்ளைக்காரனை விழுத்திப்போட்டு வாறியளோ? எங்க, ஒரு சுறாவை விழுத்துங்கோ பாப்பம்!"

அடுத்த வருடம் இந்தியப் பயணத்துக்கு அழைப்பு வந்தது. ஒரு கிழமைக்குள் பதில் கொழும்பில் இருக்கவேண்டும்.

"இஞ்சாரும், உம்மட கொன்வென்ற் இங்கிலிஷிலை எழுதும். காலமைத் தபால் வள்ளத்துக்குக் குடுத்துப்போடும்" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனீர்கள்.

எழுதி முடிக்கையில் கடைசி வரியில் ஒரு சொட்டு மை விழுந்தது. வாசிக்கத் தடையில்லை. ஆனால் மைக்கறையோடு கடிதம் அனுப்புவது முகம் கழுவாமல் பூசைக்குப் போவதற்குச் சமம் என்று கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். திரும்ப எழுதினேன். கையெழுத்துச் சரிந்தது. மூன்றாம் முறையும் எழுதினேன். தபாற்கந்தோருக்குப் போனபோது வள்ளம் போய்விட்டது. மறுநாள் சோளகக் காற்று பலத்தது. ஐந்து நாள் ஒரு வள்ளமும் ஓடவில்லை. உங்கள் இடம் வேறொருவருக்குப் போனது. பிறகு உங்களை யாரும் கூப்பிடவில்லை.

"அண்டைக்கே குடுத்தனீரோ?" என்று கேட்டீர்கள்.

"ஓம்" என்றேன். வள்ளம் போனபிறகு கொடுத்தேன் என்று சொல்லவில்லை.

தபாலதிபர்தான் பையில் போட மறந்தார் என்று முடிவுகட்டி, அந்த மனுசனோடு வருடக்கணக்காய் முகம் கொடுக்காமல் இருந்தீர்கள். எவருடைய பிழையையும் திருத்தாமல் விடாத நான், அதைத் திருத்தவில்லை.

இலங்கை முதல் டெஸ்ட் ஆடிய அன்று, வானொலி கேட்க அந்தத் தபாலதிபர் வீட்டுக்கே போனீர்கள். நான் திகைத்துப்போனேன். திரும்பி வந்து கதிரையில் இருந்து என் கைகளையே பார்த்தீர்கள்.

"உம்மட எழுத்து நல்ல வடிவு, என்ன?"

அவ்வளவுதான். ஏன் சொன்னீர்கள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. சில மாதங்களில் நீங்கள் போய்விட்டீர்கள். நான் பிந்திக் கொடுத்ததைத் தெரிந்துகொண்டுதான் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டீர்களா, தெரியாமலே போனீர்களா? இதைச் சுமந்துகொண்டுதான் எழும்புகிறேன், படுக்கிறேன்.

தபாலதிபர் உங்களிடம் சொன்னாரா, இல்லையா? ஒரு வரி போதும். எழுதி அனுப்புங்கள்.