ஜெபச் சங்கிலி வழக்கு

ஜூலை 8, 2025, செவ்வாய்

காலை ரயிலில் ஊரே தாம்பரத்திலிருந்து பீச் பக்கம் நெரிசலில் போகிறது. நான் எதிர்த்திசை, கூடுவாஞ்சேரி. அதனால் எனக்கு மட்டும் ஜன்னலோரம். இந்த வேலையில் எனக்கு இருக்கிற ஒரே சலுகை அதுதான்.

என்ன வேலை என்று கேட்டால் டேட்டா என்ட்ரி என்று சொல்லிவிடுவேன். பாதி உண்மை. போலீஸ் ஒரு வழக்குக்காக மொபைல் கம்பெனிகளிடம் கேட்டு வாங்கும் அழைப்பு விவரங்களை எங்கள் கம்பெனிக்கு அனுப்புவார்கள். யார் யாரை எப்போது கூப்பிட்டார் என்று நாங்கள் படமாக வரைந்து கொடுப்போம். பேச்சு கேட்காது. பெயர் வராது. நம்பர் மட்டும்.

இன்று ஒரு பைக் திருட்டு ஃபைல். விடியற்காலையில் ஒரு நம்பர் இன்னொன்றைக் கூப்பிடுகிறது. ஒரு நிமிஷம்கூடப் பேச்சு இல்லை. அது அடுத்ததை, அது அதற்கடுத்ததை. கிட்டத்தட்ட தினமும் அதே வரிசை. யாராவது எடுக்காவிட்டால், கூப்பிட்டவர் அவரைத் தாண்டி அடுத்தவரைக் கூப்பிடுகிறார். சிவப்புக் கோடு போட்டு இணைத்தேன்.

மேனேஜர் சத்யநாராயணன் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "சூப்பர் ஹெப்சி. என்னா டிசிப்ளின் பாருங்க! இது பெரிய கேங்."

எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூலை 10, வியாழன்

ஐயோ. கேங்காம், கேங்!

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் கோடு இல்லை என்று நேற்றெல்லாம் யோசித்தேன். திருடன் ஞாயிறு லீவு விடுவானா? இன்று ரயிலில் ஒரு நம்பர் மனதில் திரும்பத் திரும்ப ஓடியது. சின்னவள் ஞானஸ்நானத்துக்குச் சபை மண்டபம் புக் பண்ணும்போது நான் பத்துத் தடவை அடித்த நம்பர். எங்கள் ஆயரம்மாவுடையது, பாஸ்டரின் மனைவி.

அது ஜெபச் சங்கிலி. எங்கள் சர்ச் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் விடிவதற்குள் ஒருவரை ஒருவர் எழுப்பி, அன்றைய ஜெபக் குறிப்பைச் சொல்வார்கள். மூட்டுவலிக்கு ஜெபிங்க, பிளஸ் டூ ரிசல்டுக்கு ஜெபிங்க. ஞாயிறன்று எல்லாரும் சர்ச்சுக்கே வந்துவிடுவதால் போன் கிடையாது.

சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"படம் கேட்டாங்க, குடுத்துட்டோம். அது யாருன்னு கண்டுபிடிக்கிறது நம்ம வேலை இல்ல. தெரிஞ்சவங்கன்னா அந்த ஃபைலை நீங்க தொட்டிருக்கவே கூடாது, ஹெப்சி. புரியுதா?"

புரிந்தது. என்னைத்தான் மிரட்டுகிறார்.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் வாசலில் ஜேசன் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான். ஏரிக்கரையில் குப்பைக் கிடங்கு கூடாது என்று மனு. லாரிகளை மறித்து ரோட்டில் உட்கார்ந்து இரண்டு முறை அடி வாங்கியிருக்கிறான். பக்கத்தில் அவன் அம்மா ரத்தினபாய் அக்கா, ரிட்டயர்டு கணக்கு டீச்சர், பேனா நீட்டியபடி.

அப்போதுதான் உறைத்தது. படத்தின் நடுவில் இருந்த நம்பர், மனுவில் அக்கா பெயருக்கு எதிரே இருந்தது. வழக்கு இல்லாமல் யாருடைய விவரத்தையும் கேட்க முடியாது. அதனால் கையில் கிடந்த பைக் திருட்டு ஒன்றின் வழக்கு எண்ணைப் போட்டு, போலீஸ் இவர்கள் வீட்டைப் பார்த்திருக்கிறார்கள்.

"என்ன ஹெப்சி, மூஞ்சி வாடிக்கீது?" என்றான் ஜேசன். வேண்டுமென்றே மெட்ராஸ் பாஷை பேசி வம்பு பண்ணுவான். நானும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லவில்லை? பயம், வேறென்ன.

ஜூலை 14, திங்கள்

வேலைக்குப் போனேன். வந்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

நேற்று விடியற்காலை ஏரிக்கரையில் ஒரு குப்பை லாரி எரிந்துபோனது. மதியம் போலீஸ் ஜேசனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். லாரி எரிக்கிற ஆளா அவன்? கேக்குல மெழுகுவத்தி கொளுத்தவே கை நடுங்கும் அவனுக்கு.

ஆகஸ்ட் 4, திங்கள்

பேப்பரில் என் படம் வந்திருக்கிறது. என் முகம் இல்லை. நான் வரைந்த படம், அதே சிவப்புக் கோடு. லாரி எரிந்த பிறகு விசாரணையில் அழைப்புகளை ஆராய்ந்தார்களாம். விடியற்காலையில் போன் மூலம் ரகசிய உத்தரவு கைமாறியது தெரிந்ததாம். சதி வழக்கு. ஜாமீன் சுலபத்தில் கிடைக்காது.

பொய். லாரி எரிவதற்கு மூன்று வாரம் முன்பே அதை நான் வரைந்துவிட்டேன்.

சார் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அந்த ஃபைல் நமக்கு ஆகஸ்ட்லதான் வந்துச்சு. சரியா? கான்ட்ராக்ட் போச்சுன்னா இங்க எத்தனை பேர் நடுத்தெருவுல நிப்பாங்க, யோசிங்க." அவர் கண் என் முகத்துக்கு வரவே இல்லை. கம்ப்யூட்டரில் பார்த்தேன். ஃபைல் வந்த தேதி மாறியிருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

உண்மையை வக்கீலிடம் சொல்லப்போகிறேன் என்றதும் அசரியாவுடன் சண்டை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படிக் கத்தியதில்லை.

"உன்னைத் தூக்கி உள்ள வெச்சா பிள்ளைங்களை யார் பார்ப்பா? என் ஸ்கூல்ல என்ன சொல்லுவாங்க? ரகசியம் காக்கறேன்னு கையெழுத்துப் போட்டுட்டுதானே வேலைக்குச் சேர்ந்த?"

"ரகசியம் காக்கறேன்னுதான் போட்டேன். பொய் சொல்றேன்னு போடலை."

சொல்லிவிட்டேன். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறதே. பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?

ஆகஸ்ட் 9, சனி

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடி. ஜேசனுக்கு ஆஜராகும் வக்கீல் லோகநாயகி. பேர் போடாமல் தகவல் மட்டும் கொடுத்தால் போதுமா என்று கேட்டேன். டீயை என் பக்கம் தள்ளினார்.

"பேர் இல்லாம குடுத்தா கோர்ட் அதைத் தூக்கிப் போட்டுடும். பேரோட குடுத்தா உங்களைத் தூக்கிப் போட்டுடுவாங்க. ரெண்டையும் சொல்லிடறேன்மா."

"போலீஸ்னா கேட்கத்தானே செய்வாங்க மேடம், அதுல தப்பு என்ன?" — அசரியா கேட்ட கேள்வி, என் வாயில் வந்தது.

"கேட்கட்டும். கொலைகாரனைப் பிடிக்கக் கேட்க வேண்டாமா? ஆனா எதுக்குன்னு உண்மையைச் சொல்லிட்டுக் கேட்கணும். ஒரு காரணத்தைச் சொல்லிட்டு இன்னொருத்தர் வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்தா, யூனிஃபார்ம் போட்டிருந்தாலும் அது திருட்டுத்தனம்தான்."

டீ ஆறிப்போனது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன், முழுப் பெயரும் முகவரியும். அசரியாவிடம் சாப்பிடும்போது சொன்னேன். பாதி இட்லியோடு எழுந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பத்திரம் தாக்கலாகி, என் பேர் சர்ச் முழுக்கத் தெரிந்துவிட்டது. கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன்தான், லூசு மாதிரி.

சர்ச் வாசலிலேயே அருள்மேரி அக்கா மடக்கினார். சங்கிலியில் ரத்தினபாய் அக்காவுக்குப் போன் பண்ண வேண்டியவர் இவர்தான். "இத்தனை நாள் நீதான் எங்களைப் பார்த்துட்டிருந்தியா? நான் என் தங்கச்சிகிட்ட பேசினது எல்லாம் உனக்குத் தெரியுமா?"

"பேச்சு கேட்காதுக்கா. நேரம் மட்டும்தான்..."

"நேரம் மட்டும்னா பரவாயில்லையா?"



அதைவிட மோசம் ஒன்று. சங்கிலி நிற்கவில்லை. ரத்தினபாய் அக்காவை மட்டும் தாண்டிவிட்டார்கள். அருள்மேரி அக்கா இப்போது நேரே ஆயரம்மாவைக் கூப்பிடுகிறாராம். எடுக்காதவரைத் தாண்டுவதுதான் வழக்கம். ரத்தினபாய் அக்கா எடுப்பார், இவர்கள்தான் கூப்பிடவில்லை. பிள்ளை ஜெயிலில் இருக்கும்போது! கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஆபீஸ் கதவில் என் கார்டு வேலை செய்யவில்லை. செக்யூரிட்டி என் டிபன் பாக்ஸையும் குடையையும் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஐகோர்ட். அசரியா லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மொபைல் கம்பெனி பதில் தாக்கல் செய்திருந்தது: விவரங்களைக் கொடுத்தது ஜூலை முதல் வாரம். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். ஆகஸ்டில் எரிந்த லாரிக்கு ஜூலையிலேயே எப்படி விசாரணை தொடங்கினீர்கள் என்று கேட்டார். அரசுத் தரப்பில் டைப்பிங் தவறு என்றார்கள். மொபைல் கம்பெனிக்குமா தவறு என்று கேட்டார். பதில் சொல்ல அவகாசம் கேட்டார்கள்.

ஜேசனுக்கு ஜாமீன். தினமும் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பைக் திருட்டு வழக்கு எண்ணைப் போட்டது யார் என்ற கேள்வி மட்டும் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டது.

படியிறங்கும்போது லோகநாயகி மேடம் சொன்னார்: "ரத்தினபாய் போனை போலீஸ் விட மாட்டாங்க. அவங்களைக் கூப்பிடறவங்க நம்பரும் உள்ள போகும். பார்த்துக்குங்க."

இப்போதெல்லாம் போனைப் பார்த்தாலே எரிச்சல். அம்மாவைக்கூடக் கூப்பிடப் பிடிக்கவில்லை. இப்படியே எத்தனை நாள் இருப்பது?

செப்டம்பர் 2, செவ்வாய்

விடிவதற்குள் விழிப்பு வந்துவிட்டது. கூடத்தில் உட்கார்ந்து ரத்தினபாய் அக்காவுக்குப் போன் போட்டேன். ஒரே ரிங்கில் எடுத்தார்.

"யாரு?"

"ஹெப்சி, அக்கா. எழுந்துட்டீங்களா?"

அழுவாரோ என்று நினைத்தேன். டீச்சர் குரலில் கேட்டார்: "குறிப்பு என்ன?"

நான் அதை யோசிக்கவே இல்லை. சங்கிலியில் இருந்தவளா நான்? உளறினேன். அக்காவே சொன்னார்: "சரி, உன்னை மாதிரியே நம்ம போனைப் பார்த்துட்டு ஒரு பிள்ளை எங்கயோ தூங்காம உட்கார்ந்திருக்கும். அதுக்கு ஜெபிப்போம்."

படுக்கையறைக் கதவில் அசரியா நின்றுகொண்டிருந்தார். "ஸ்பீக்கர்ல போடு" என்றார்.

ஜெபம் முடிந்தது. "அடுத்தது ஆயரம்மா. கூப்பிடறேன். எடுத்தாங்கன்னா உனக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

அசரியா அடுப்பில் பால் வைத்தார். பால் பொங்கியது. போன் மேஜைமேல் கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி காபி குடித்தோம். அவர் இரண்டாவது டம்ளர் ஊற்றும்போது போன் ஒரு தடவை அடித்து நின்றது.