குன்றின்மேல் ரிப்பீட்டர்

ஆடி 5, திங்கள்.

புளியறையில் இன்று ட்ரோன் விட்டு வயல்களை அளந்தேன். தரையில் நிறுத்திய பேஸ் ஸ்டேஷன் கருவி ரேடியோவில் அனுப்பும் திருத்தம் கிடைத்தால்தான் ட்ரோனின் அளவு சரியாக இருக்கும். ட்ரோன் குன்றுக்கு அப்பால் போனதும் திருத்தம் எட்டவில்லை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற என் கணவர், திருத்தத்தை வாங்கி ட்ரோனுக்கு அனுப்பும் ரிப்பீட்டரோடு குன்றேறி நின்றார். கடைசி வயல்வரை கிடைத்தது.

சாரல் வலுத்தது. கருவிகளை வண்டியில் ஏற்றும் அவசரத்தில் அவரை இறங்கச் சொல்ல மறந்துவிட்டேன். அரைமணி கழித்துப் போன் செய்தேன்.

"இன்னும் அங்கனதான் நிக்கியளா?"

"நீ இறங்கச் சொல்லலியே, ஏட்டி. ட்ரோன் பறக்குதுன்னுல்லா நெனச்சேன்."

நனைந்து இறங்கியவரைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

இப்போது படுத்துக்கொண்டு தும்முகிறார். நாளை சிவகிரிக்கு அளக்க நான் மட்டும் போகிறேன் என்றேன்.

"அங்கனயும் குன்னு உண்டுல்லா" என்கிறார்.