சுண்டுவிரல் இடுக்கு

மார்ச் 3
காலணிக் கடையில் பன்னிரண்டு வருடமாக ஊரார் பாதத்தை அளக்கிறேன். "ஒரே ஷூவைத் தினமும் போடாதீங்க சார், காய விடுங்க" என்று இன்றும் ஒருவருக்கு உபதேசம். உபதேசித்த பெரிய மனிதரின், அதாவது என், கால் சுண்டுவிரல் இடுக்கில் தோல் வெளுத்து, உரிந்து, அரிக்கிறது. நான்கு வருடமாக ஒரே கறுப்பு ஷூ. வெட்கக்கேடு.

மார்ச் 5
"வீட்டுக்குள்ளயும் துரைக்கு சாக்ஸா?" என்றாள் மனைவி. குளிர்கிறது என்றேன். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

மார்ச் 12
எப்போதோ கொசுக்கடிக்கு வாங்கிய களிம்பைத் தடவினேன். மூன்றே நாளில் அரிப்பு போச்சு! டாக்டராவது மண்ணாவது.

மார்ச் 20
திரும்ப வந்துவிட்டது. இந்த முறை குடும்பத்தோடு, மூன்று இடுக்கில்.

மார்ச் 24
மகளை நீச்சல் பயிற்சியாளர் திருப்பி அனுப்பிவிட்டார். காலில் சேற்றுப்புண்ணாம், ஆறாமல் தண்ணீரில் இறங்கக்கூடாது. ஏப்ரல் 28 அணித் தேர்வு. இரண்டு வருடம் விடியற்காலையில் எழுந்து நீந்திய பிள்ளை, "எல்லாம் போச்சும்மா" என்று அழுதாள். "குளத்துத் தண்ணி லட்சணம் அப்படி!" என்று மனைவி திட்டினாள். நானும் கூடச் சேர்ந்து நாலு வார்த்தை திட்டினேன்.

குளியலறையில் எல்லாருக்கும் ஒரே துண்டு. அதில்தானே நான் காலைத் துடைக்கிறேன்? அடப்பாவி — நான்தான்.

மார்ச் 25
மகளைக் காட்டப் போனோம். தோல் டாக்டர் கேட்டார்: "வீட்ல வேற யாருக்காவது இருக்கா?" சாக்ஸைக் கழற்றினேன். மீதியை நாற்றம் சொல்லிவிட்டது. கொசுக்கடிக் களிம்பை மட்டும் நானே ஒப்புக்கொண்டேன்.

"பூஞ்சை. நீங்க போட்ட களிம்பு அரிப்பை அமுக்கிட்டு, இதை வளர்த்து விட்டிருக்கு. இந்த மருந்தை அரிப்பு நின்னாலும் சொன்ன நாள்வரை போடணும்." ஆளுக்கொரு துண்டு, இடுக்கில் ஈரம் கூடாது, தினம் துவைத்த சாக்ஸ், ஷூவை மாற்றி மாற்றிப் போட வேண்டும் — எல்லாம் என் கடை வசனம்!

வரும் வழியிலேயே மனைவி மூன்று புதுத் துண்டு வாங்கினாள். "ஏம்ப்பா சொல்லல?" என்றாள் மகள். என்னத்தச் சொல்ல? வெட்கம்டா கண்ணு, அவ்வளவுதான்.

மார்ச் 26
பூஞ்சை காலிலிருந்து தொடைக்கு ஏறாமலிருக்க ஜட்டிக்கு முன்னால் சாக்ஸ் போட வேண்டுமாம். அந்தக் கோலத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். சகிக்கவில்லை.

ஏப்ரல் 8
அரிப்பு இல்லை. மருந்தை நிறுத்திவிடலாமா? சனியனே, போடு.

ஏப்ரல் 14
மகளுக்கு ஆறிவிட்டது. குளத்தில் இறங்கினாள். போன மூன்று வாரம் போனதுதான்.

ஏப்ரல் 28
நான்கு பேரை எடுத்தார்கள். இவள் ஐந்தாவது.

வீட்டுக்கு வந்ததும் முக்காலியை இழுத்துப் போட்டாள். "காலக் காட்டுப்பா." டார்ச் அடித்து ஒவ்வொரு இடுக்காகப் பார்த்தாள். "அடுத்த தேர்வு நவம்பர்ல. சுண்டுவிரல்ல இன்னும் ஈரம் இருக்கு, பாரு."

என் துண்டை எடுத்து மறுபடி துடைத்தேன்.