ஆனுவின் மலைமேல் மேகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

கிரானியா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி தேவலையா?

புராணப் புத்தகம் ஒன்றுக்காக, பழங்காலத் தெய்வமான ஆனு அன்னையின் மார்புகள் என்று பெயர்பெற்ற இந்த இரட்டை மலைகளைப் படமெடுக்க வந்து மூன்று வாரமாகிறது. மேகம் இன்னும் விலகவில்லை. ஊராரின் சந்தேகமும்தான்.

திங்கட்கிழமை, ஆடு வளர்க்கும் டைக் என்பவர் தன் நாயோடு வந்து வழிமறித்தார்.

“காத்தாலை கம்பெனி ஆளுதானே நீ?”

“இல்லைங்க, ஆனு கதைக்குப் படம் எடுக்கறேன்.”

“போன வருஷம் வந்தவனும் ஆனு கதையத்தான் கேட்டான். அடுத்த மாசமே காத்தாடிக் கம்பம் நட எடம் அளந்தான்.”

கேமராவில் இருந்த படங்களைக் காட்டினேன். எல்லாம் மேகம்.

“மேகத்த எடுக்க எவன்மா சம்பளம் குடுப்பான்?” என்று இன்னும் முறைத்தார்.

அதிலிருந்து கடையில்கூட யாரும் என்னோடு பேசுவதில்லை. வேடிக்கையாகத்தான் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். பதிலை உறையில் போடாமல் தபால் அட்டையில் எழுதுங்கள். தபால்காரியின் பெயர் நோரின்; டைக்கின் தங்கை, படித்துவிட்டுத்தான் கொடுப்பாள். நான் வெக்ஸ்ஃபோர்ட் ஊர் ரொட்டிக்கடைக்காரர் மகள் என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள்.

மழை விட்டிருக்கிறது, ஓடுகிறேன். நான் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்றும் ஒரு வரி சேருங்கள். ஊரார் நம்புவதற்காகத்தான்.

உங்கள் கிரானியா