படுக்கைவாட்டில் அளந்தது

மார்ச் 4
இன்று தாள் கிழியாமல் கண்ணாடியை விட்டு உரிந்து வந்தது. தேன் நிறம், தலைமுடியின் தடிமன்கூட இல்லை. சல்ஃபோனிக் அமிலம் கோத்த பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக். ஹைட்ரஜனில் ஓடும் எரிபொருள் மின்கலத்தின் நடுவே நின்று, புரோட்டானை மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் விட வேண்டும். இதற்கு வேலை அது ஒன்றுதான். "ஏண்டி, ஆறு வருஷமா ஒரு பிளாஸ்டிக் பேப்பரையா ஊறப் போட்டுட்டு இருக்க?" என்று அக்கா ஃபோனில் சிரித்தாள். சிரிக்கட்டும்.

மார்ச் 9
புரோட்டானைக் கடத்தும் திறன் பிரமாதம்! அமிலத் துண்டுகளை மூலக்கூறுச் சங்கிலியில் கண்டபடி தூவாமல் நீளநீளமாகச் சேர்த்துக் கோத்ததன் பலன். அவை ஒன்றுகூடித் தண்ணீருக்கு வழி அமைக்கின்றன, புரோட்டான் அதில் ஓடுகிறது. என் ஆய்வு வழிகாட்டி சாருக்கு வாயெல்லாம் பல். கட்டுரையை எழுதச் சொல்லிவிட்டார். கட்டுரை வந்தால்தான் எனக்கு முனைவர் பட்டம்.

மார்ச் 17
ஒரு சந்தேகம். இதுவரை தாளை நறுக்கிய கீற்றின் இரு முனைகளிலும் கிளிப் மாட்டி, படுக்கைவாட்டில்தான் அளந்தோம். சுலபம், எல்லோரும் செய்வது. ஆனால் மின்கலத்தில் புரோட்டான் போவது தாளின் ஊடே அல்லவா? இன்று இரண்டு மின்வாய்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, ஊடாக அளந்தேன்.
படுக்கைவாட்டில் வந்ததில் ஐந்தில் ஒரு பங்கு. மூன்று தாள்களிலும்.

மார்ச் 18
காரணம் புரிந்துவிட்டது. விறைப்பான சங்கிலிகள் உலரும்போது பாய் அடுக்கியதுபோல் படுத்துவிடுகின்றன. தண்ணீர் போகும் வழியும் படுத்தே கிடக்கிறது. புரோட்டான் ஒரே பாயில் ஓடும், அடுத்த பாய்க்கு இறங்கத் திணறும். நான் பெருமைப்பட்ட அதே அமைப்புதான் என் காலை வாரியிருக்கிறது.
சாரிடம் காட்டினேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. "அமிலம் சரியா ஏறியிருக்காதும்மா. இன்னும் ஒரு நாள் ஊறப் போடு."

மார்ச் 20
போட்டேன். ஐந்தில் ஒரு பங்கு.

மார்ச் 21
"ரெண்டு அளவையும் கட்டுரைல போடலாமா சார்?"
"யாரு கேட்டா? உனக்கு டிகிரி வேணுமா, வேண்டாமா?"
கத்தவில்லை. சாதாரணமாகக் கேட்டார், அதுதான் பற்றிக்கொண்டு வருகிறது. சரி, 'படுக்கைவாட்டில்' என்ற ஒரு சொல்லையாவது விட்டுவையுங்கள் என்றேன். அதையும் அடித்துவிட்டார். நான் என்னதான் பண்றது? ஆறு வருஷம்! யார்கிட்ட போய்ச் சொல்றது?

மார்ச் 24
கட்டுரையை அனுப்ப, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 2
பட்டம் கிடைத்துவிட்டது. அக்கா சந்தோஷத்தில் அழுதாள்.

ஜூன் 13. மூன்று வருடம் கழித்து, அதே நோட்டு
இப்போது எனக்கும் ஓர் ஆய்வகம். கதவில் என் பெயர். அந்தக் கட்டுரையால்தான்.
இன்று ஒரு மின்னஞ்சல். முன்பின் தெரியாத பெண், ஆய்வு மாணவி. "மேடம், உங்க கட்டுரைய நம்பி ரெண்டு வருஷமா அதே தாளைப் பண்றேன். ஊடாக அளந்தா அஞ்சுல ஒரு பங்குதான் வருது. எங்க தப்புப் பண்றேன்னே தெரியல. இது என் கடைசி வருஷம்."
உண்மையை எழுதினேன், நான்கே வரி. படித்துப் பார்த்தேன். கதவைப் பார்த்தேன். அழித்தேன்.
பிறகு எழுதி அனுப்பியது இது: "அமிலம் சரியாக ஏறியிருக்காதும்மா. இன்னும் ஒரு நாள் ஊறப் போடு."