கறுப்பனின் மாத்திரை

மருமகளே,

என் பிள்ளை இறந்துபோய், நீயும் கோபித்துக்கொண்டு உன் அம்மா வீட்டுக்குப் போன பிறகு, கறுப்பனுக்கு இதயப்புழு வராமல் தடுக்கும் மாத்திரையை யாரும் கொடுக்கவில்லை. கோபத்தைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. நாயைப் பற்றி மட்டும்.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். "நடுவுல விட்டுட்டீங்களேம்மா! ரத்தம் பாக்காம குடுத்தா ஆபத்து. எப்பவும் உங்க மருமகதானே குடுப்பாங்க, எங்க அவங்க?" என்றார். நான் குனிந்து சங்கிலியைச் சரிசெய்தேன். நல்லவேளை, ரத்தத்தில் புழு இல்லை.

நீ கொடுத்தால் முழுங்குகிற நாய், என்னிடம் வாங்கிக் கன்னத்தில் அடக்கி, நான் திரும்பியதும் துப்புகிறது. பூனை ஓடிவந்து முகர்கிறது. நாய் மாத்திரை பூனைக்கு ஆகாதாம். அதைத் துரத்துவேனா, இதைப் பிடிப்பேனா?

நீ வந்து கொடு. மாதாமாதம் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் வந்துபோவது உனக்கு அலைச்சல்.

உன் தலையணைக்கு உறை மாற்றிவிட்டேன்.

உன் அத்தை