மகளுக்கு அப்பாவின் நாடு

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி தேவலையா? அம்மா வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறாளா? நாங்கள் மூவரும் சுகம்.

உங்கள் மாப்பிள்ளைக்கு இங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. பதறாதீர்கள். அவர் தன் நாட்டுக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். பாப்பாவுக்கும் அவர் நாட்டுப் பாஸ்போர்ட்தான் என்பதால் அவளும் கூடப் போகிறாள். எனக்கு அந்த நாட்டு விசா எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதுவரை இந்த ஆஸ்பத்திரிச் சலவை வேலையைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் மூன்று பேரும் சாப்பிட முடியும்.

இதைச் சொன்ன விசா ஆபீஸ் அதிகாரி நல்ல மனிதர்தான். பாப்பாவுக்கு மிட்டாய் கொடுத்தார். அவள் அதை வாயில் போட்டுக்கொண்டு, "அம்மாவும் எங்ககூட வருவாங்கதானே?" என்று அவரிடம் தமிழில் கேட்டாள். அவருக்குப் புரியவில்லை, சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவள் நம்பிவிட்டாள். நானும் திருத்தவில்லை.

ஒரு உதவி அப்பா. மாப்பிள்ளைக்குத் தமிழில் 'சாப்பிடு', 'தூங்கு' தாண்டி எதுவும் வராது. அவர்கள் அங்கே போனதும் தினமும் பாப்பாவிடம் போனில் ஏதாவது பேசுங்கள். நான் போய்ச் சேரும்போது அவள் என்னோடு பேச வேண்டும். காலை ஷிப்டுக்கு எனக்கும் ஒரு போன் போட்டு எழுப்பிவிடுங்கள். இத்தனை நாள் அவள்தான் எழுப்புவாள்.

மிஷின் நின்றுவிட்டது, துணியை எடுக்க வேண்டும். அம்மாவிடம் பாதியை மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் மகள்